கொக்கும் கோணப்பெட்டியும்

அவளை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஏதாவது யோசனை வந்துவிட்டால் அவள் ஒற்றைக் காலில் நின்றுவிடுவாள். தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கண் எங்கேயோ போய்விடும். வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தால் அதுவும் அப்படியே நிற்கும்.

"என்ன கொக்கு, மீன் வந்துச்சா இல்லையா? பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு!" என்று மாமா கத்துவார்.

கொக்குக்குக் கோபம் வராது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் எல்லாமே வேறு மாதிரி தெரியும் என்பது பாவம், மாமாவுக்குத் தெரியாது. சுவரில் விழுந்த வெயில் ஒரு பாலம் ஆகிவிடும். கொடியில் காயும் சட்டைகள் எங்கோ ஊர்வலம் போகும். இதையெல்லாம் பார்க்காமல் இத்தனை பேர் எப்படித்தான் அவசர அவசரமாகப் பல் துலக்குகிறார்களோ என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அம்மா தச்சு வேலை செய்பவள். வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. அம்மாவும் அவளுடைய தம்பியும், அதாவது மாமாவும், அங்கே கதவு, மேஜை, அலமாரி என்று செய்துகொண்டே இருப்பார்கள். மரத்தூள் வாசனை வீட்டுக்குள்ளும் வந்துவிடும். சில நாள் சாப்பாட்டிலும் வரும்.

பட்டறையில் கொக்குக்கு மிகவும் பிடித்தது ஒரு குட்டிப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அடியில் காந்தம் இருக்கும். முகத்தில் எண் ஓடும். அம்மாவும் மாமாவும் அதை 'கேஜ்' என்பார்கள். எந்தப் பொருள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அது டிகிரி கணக்கில் சொல்லிவிடும். கொக்கு அதற்குக் கோணப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தாள்.

மரம் அறுக்கும் மெஷினில் ஓர் இரும்பு மேஜை உண்டு. மேஜையின் நடுவில் வட்டமான ரம்ப பிளேடு எட்டிப் பார்க்கும். பலகையின் ஓரத்தைச் சாய்வாக அறுக்க வேண்டும் என்றால் பிளேடைச் சாய்க்க வேண்டும். எவ்வளவு சாய்ந்தது என்பதைக் கோணப்பெட்டி சொல்லும். முதலில் அதை ஒரு நேரான இடத்தில் வைத்து ஒரு பொத்தானை அழுத்துவார்கள். எண் சைபர் ஆகிவிடும். பிறகு பிளேடில் ஒட்டுவார்கள்.

மாமா எப்போதும் ஜன்னலோரப் பெஞ்சில் வைத்துத்தான் சைபர் அடிப்பார்.

"மெஷின் மேஜை மேலயே வைச்சு அடியேன்டா" என்பாள் அம்மா.

"அங்க வெளிச்சம் இல்லக்கா. இந்த எண்ணெல்லாம் எறும்பு முட்டை மாதிரி இருக்கு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல, ஒரே தரைலதானே நிக்குது?" என்பார் மாமா.

அதுவும் சரிதான் என்று அம்மா விட்டுவிடுவாள்.

அந்த நாட்களில் பட்டறையில் ஒரு விசேஷமான வேலை நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பட்டாணிக்கு ஒரு கூரை ஜன்னல்.

பட்டாணி மதில் மேல் நடந்து பழகியபோது விழுந்து காலை முறித்துக்கொண்டவன். இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். இப்போது அவன் கால் முழுக்க மாவுக்கட்டு. தலையணைகளை அடுக்கி அதன் மேல் காலை வைத்து மல்லாந்து படுத்தே கிடந்தான். அவன் அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதுவும் எதிர்வீட்டுச் சுவரைத்தான் பார்த்தது.

அதனால் கொக்கு தினமும் மாலையில் அவனிடம் போவாள். போனதும் பட்டாணி கேட்பான்.

"கொக்கக்கா, இன்னைக்கு மேகம் எப்படி இருந்துச்சு?"

கொக்கு சொல்வாள். குடை பிடித்த யானை. படகு தள்ளும் தாத்தா. ஒரு நாள் வானம் துடைத்துவைத்த மாதிரி வெறும் நீலமாக இருந்தது. ஒரு மேகம்கூட இல்லை. பட்டாணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'ஒண்ணுமே இல்ல' என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"இன்னைக்கு ஒரு முதலை. பல்லு தேய்ச்சிட்டு இருந்துச்சு" என்றாள்.

"எத்தனை பல்லு?"

"எண்ணுறதுக்குள்ள வாய மூடிடுச்சு."

பட்டாணி வெகுநேரம் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எனக்கும் பாக்கணும்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

அன்று இரவு சாப்பிடும்போது அவள் ஒற்றைக் காலில் நிற்க முடியாததால் தலையை மட்டும் சாய்த்தாள்.

"அம்மா, கூரைல ஜன்னல் வைக்க முடியுமா?"

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோறு கையிலேயே இருக்க, அவளும் தலையைச் சாய்த்து யோசித்தாள். கொக்கின் கழுத்து யாரிடமிருந்து வந்தது என்று அன்றுதான் மாமாவுக்குத் தெரிந்தது.

பட்டாணியின் அப்பாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. வட்டமான ஜன்னல் வேண்டும் என்றான் பட்டாணி. "வட்டத்துக்கு வளையச் சொன்னா இந்த மரம் கேக்காது. எட்டுப் பக்கம் வைச்சுத் தர்றேன். படுத்துட்டுப் பாத்தா வட்டம் மாதிரிதான் இருக்கும்" என்றாள் அம்மா. கூரை வேலைக்காரர் வந்து ஓடுகளை எடுத்து, எட்டு மூலை வைத்து ஒரு துளை போட்டார். ஜன்னல் வரும்வரை அதன் மேல் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிவிட்டுப் போனார்.

ஜன்னல் பொருத்துவதற்கு முந்தின நாள், கொக்கு அம்மாவிடம் கெஞ்சிக் கோணப்பெட்டியை வாங்கிக்கொண்டு பட்டாணியிடம் போனாள்.

"கீழ விழுந்துச்சு, உன் காது என் கையில" என்று சொல்லித்தான் அம்மா கொடுத்தாள்.

அன்று பட்டாணியின் அறையே ஓர் அதிசய உலகம் ஆகிவிட்டது. தார்ப்பாய் வழியாக வந்த வெயில் எல்லாவற்றையும் நீலமாக்கியிருந்தது. கட்டில், தலையணை, பட்டாணியின் மூக்கு எல்லாம் நீலம். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அந்த நீலத்துக்குள் கோணப்பெட்டி நீந்திப் போய் ஒவ்வொன்றாக அளந்தது. கட்டில் சட்டம் சைபர். கதவு தொண்ணூறு. மாவுக்கட்டுக் கால் முப்பத்தொன்று.

"அந்தப் பொத்தான் எதுக்கு?" என்று கேட்டான் பட்டாணி.

"சைபர் அடிக்க. எங்க வைச்சு அடிக்கிறோமோ அதுதான் நேர்னு இது நினைச்சுக்கும்."

பட்டாணியின் கண் பளபளத்தது. பெட்டியை மாவுக்கட்டின் மேல் வைத்து அழுத்தினான். முப்பத்தொன்று சைபர் ஆனது.

"இப்ப என் கால்தான் நேர்! கட்டில்ல வை, கொக்கக்கா."

வைத்தாள். முப்பத்தொன்று.

"பாத்தியா? கட்டில் சாஞ்சிருக்கு. வீடு சாஞ்சிருக்கு. எதிர்வீடும் சாஞ்சிருக்கு. நான் மட்டும்தான் நேரா இருக்கேன்!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் பெட்டி பட்டாணியின் கையிலிருந்து நழுவி, மாவுக்கட்டில் 'டொக்' என்று விழுந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. கொக்கு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த 'டொக்' அவள் காதிலேயே இருந்தது. அம்மாவிடம் சொல்ல நினைத்தாள். ஆனால் அம்மா அப்போது பேசுகிற நிலையில் இல்லை.

ஏனென்றால் மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக் கூரை ஒழுகியது. அதுவும் சரியாக மெஷினுக்கு நேர் மேலே.

"ஊருக்கெல்லாம் ஜன்னல் செய்யறோம். நம்ம கூரையைப் பாக்க நேரமில்ல" என்று முனகினாள் அம்மா. அவளும் மாமாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெஷினை நகர்த்தினார்கள்.

"அடிமேல் அடி அடிச்சா அம்மியே நகரும். இது நகராதா?" என்றார் மாமா. நகர்ந்தது. பட்டறையின் அந்தக் கோடியில், தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவும் மூலைக்குப் போய் நின்றது.

மறுநாள் பள்ளி விடுமுறை. மழை விட்டிருந்தது. ஆனால் வானத்தின் ஓரத்தில் கறுப்பு சேர்ந்துகொண்டே வந்தது. தார்ப்பாய் ஏற்கெனவே ஒரு மூலையில் கிழிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஜன்னல் ஏறவில்லை என்றால் அடுத்த மழை நேராகப் பட்டாணியின் மாவுக்கட்டில்தான் இறங்கும். நனைந்த மாவுக்கட்டை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமாம். மதியம் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடிக்காரர் கண்ணாடியோடு வந்துவிடுவார்.

காலையிலேயே வேலை தொடங்கியது. மாமா பெஞ்சில் வைத்துச் சைபர் அடித்தார். பெட்டியைக் கொண்டுபோய் பிளேடில் ஒட்டினார். "அறுபத்தேழரை!" என்று கூவினார். எட்டுப் பக்கம் சேர்வதற்கான எண் அதுதான்.

மெஷின் ஓடும்போது தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது கொக்குக்கு வீட்டுச் சட்டம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். பலகைகள் ஒவ்வொன்றாக இரண்டு ஓரமும் சாய்வாக அறுபட்டு வந்தன. மரத்தூள் வெயிலில் மிதந்தது. தங்கநிறப் பனி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இனிமேல் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பசை போடாமல் முதலில் பலகைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டி வளைந்துகொண்டே போனது. ஒவ்வொரு மூட்டும் அழகாகப் பொருந்தியது. எட்டாவது பலகையை வைத்ததும் அம்மாவின் கை நின்றது.

முதல் பலகைக்கும் கடைசிப் பலகைக்கும் நடுவில் மூன்று விரல் நுழைகிற இடைவெளி.

"இது என்னடா?" என்றாள் அம்மா.

"நீளம் எல்லாம் சரிதான்க்கா. அளந்துதான் வெட்டினேன்."

"அப்ப கோணம் தப்பு."

"அறுபத்தேழரைதான் இருந்துச்சு. நீயும்தானே பாத்த? இந்தப் பெட்டிலதான் ஏதோ கோளாறு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் அம்மா.

மாமாவுக்குச் சுருக்கென்றது. "என் மேல தப்பு சொல்லாதக்கா. நேத்து அந்தப் பெட்டிய யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு கேளு."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கொக்கு இரண்டு காலிலும் நின்றாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே எட்டு மூலைத் துளையும் கிழிந்த தார்ப்பாயும் ஞாபகம் வந்தன.

"அம்மா... நேத்து அது விழுந்துச்சு. தரைல இல்ல. பட்டாணியோட மாவுக்கட்டு மேல."

"மாவுக்கட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் மாமா பதறிப்போய்.

"இல்ல மாமா."

"எங்ககிட்ட நேத்தே சொல்லியிருக்கலாம்ல, கண்ணு?" என்றாள் அம்மா. திட்டவில்லை. அதுதான் கொக்குக்குத் தாங்க முடியாமல் போயிற்று. கண் நிறைந்து, பட்டறை முழுவதும் கலங்கித் தெரிந்தது.

மாமா பெட்டியைக் கையில் எடுத்துக் குலுக்கினார். "புதுசு வாங்கிட்டு வர்றதுக்குள்ள மழை வந்துடும். பலகையும் வேற இல்ல" என்றார். வெளியே வானம் 'ம்ம்ம்' என்று உறுமியது.

கொக்கு ஜன்னலோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அழுகை ஒரு பக்கம். பட்டாணியின் கால் ஒரு பக்கம். கையில் அகப்பட்ட ஒரு கோலிக்குண்டைப் பெஞ்சின் மேல் வைத்தாள். அது பேசாமல் அங்கேயே இருந்தது.

நேற்றைய நீல அறை நினைவுக்கு வந்தது. தண்ணீருக்கு அடியில் கேட்பது போலப் பட்டாணியின் குரலும் கேட்டது. 'கட்டில் சாஞ்சிருக்கு. வீடு சாஞ்சிருக்கு. நான் மட்டும்தான் நேரா இருக்கேன்!'

கொக்கு எழுந்து நின்றாள். ஒரு கால் தானாகவே மேலே போனது. தலை சாய்ந்தது.

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமா, இன்னைக்கு எங்க வைச்சு சைபர் அடிச்சீங்க?"

"எப்பவும் போலத்தான். இந்தப் பெஞ்சுல."

"மெஷின் பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?"

"அது அப்பவே பிடுங்கியாச்சு."

கொக்கு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள். கொக்கு மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், மெஷினின் இரும்பு மேஜை மேல் கோலிக்குண்டை வைத்தாள்.

குண்டு ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல உருளத் தொடங்கியது. எங்கோ அழைப்பு வந்தது போல, அவசரமே இல்லாமல், மேஜையைக் கடந்து, ஓரத்தைத் தாண்டி, மரத்தூளில் 'பொத்' என்று விழுந்தது.

மாமா கையிலிருந்த பெட்டியை அவளிடம் நீட்டினார்.

கொக்கு கோணப்பெட்டியைப் பெஞ்சில் வைத்துச் சைபர் அடித்தாள். அப்படியே எடுத்து வந்து மெஷின் மேஜையில் வைத்தாள். மூன்று தலைகள் அதன் மேல் குனிந்தன.

அரை டிகிரி.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு மாமா. மெஷின்தான் சாஞ்சிருக்கு. பெஞ்சு நேர்னு நாம சொன்னோம், அது நம்பிடுச்சு. ஆனா பலகை படுக்கறது பெஞ்சுல இல்லையே, இந்த மேஜைலதானே?"

அம்மா தரையைப் பார்த்தாள். அது கழுவுகிற மூலை. தண்ணீர் ஓடிப் போவதற்காகவே அந்த இடத்தில் தரையைச் சாய்வாகப் பூசியிருந்தார்கள். அதுவும் அவளே சொல்லிப் பூச வைத்ததுதான்.

"ஒரு வெட்டுக்கு அரை டிகிரி" என்றாள் அம்மா மெதுவாக. "பலகைக்கு ரெண்டு வெட்டு. எட்டுப் பலகைக்கும் சேர்ந்து..."

"மூணு விரல்" என்றார் மாமா. அவர் முகம் முதலில் சிவந்தது. பிறகு திடீரென்று மலர்ந்துவிட்டது. "அக்கா! ஆடத் தெரியாதவன்னு சொன்னியே, பாரு! கூடம் நிஜமாவே கோணல்!"

அம்மா சிரித்தாள். சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. மாமாவும் சிரித்தார். பிறகு கொக்கின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"உன்னைப் போய்ச் சொல்லிட்டேன். தப்புதான் கொக்கு. யானைக்கும் அடி சறுக்கும்."

கொக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய தொப்பையைப் பார்த்தாள். "யானைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல."

பிறகு வேலை பறந்தது. மாமா பெட்டியை மெஷின் மேஜையிலேயே வைத்தார். மூலையில் வெளிச்சம் இல்லை. கொக்கு டார்ச் பிடித்தாள். எறும்பு முட்டை எண்கள் பளிச்சென்று தெரிந்தன. சைபர். பிளேடில் ஒட்டியதும், உண்மையான அறுபத்தேழரை. கொக்கு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். அம்மா ஒவ்வொரு பலகையின் ஓரத்தையும் வெங்காயத் தோல் அளவுக்குச் சீவி எடுத்தாள்.

மறுபடி சேர்த்தார்கள். எட்டாவது பலகை தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இடைவெளி இருந்த இடத்தில் கொக்கு விரல் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம்கூட நுழையவில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பசை, ஆணி, கண்ணாடி என்று மதியம் ஓடிப்போனது. கூரையின் மேல் ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் யாரோ நீலத் தார்ப்பாயை உருவி எடுத்தார்கள். அறையிலிருந்த நீலமெல்லாம் அதோடு சேர்ந்து போய்விட்டது. எட்டு மூலைக்குள் வானம் வந்து நின்றது.

கொக்கு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து மேலே பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது.

வானத்தில் ஒன்றுமே இல்லை. யானை இல்லை, படகு இல்லை. ஒரே சாம்பல் நிறம், பழைய போர்வையை விரித்த மாதிரி. இத்தனை நாள் என்னென்னவோ சொல்லிவிட்டோமே, இவன் ஏமாந்துவிடுவானே என்று இருந்தது.

முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. பிறகு ஆயிரம் துளிகள். மாமா அறை வாசலில் நின்று சட்டத்தின் எட்டு மூட்டுகளையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. மாவுக்கட்டு உலர்ந்து, வெள்ளையாக, தலையணை மேல் ராஜா மாதிரி படுத்திருந்தது.

மழையின் நிழல்கள் பட்டாணியின் முகத்தில் வழிந்தன.

"கொக்கக்கா" என்றான் கடைசியில்.

"ம்?"

"நீ சொன்னதுல கொஞ்சம் புளுகுதானே?"

கொக்குக்கு முகம் சுட்டது. "கொஞ்சம்தான்" என்றாள்.

"எது?"

"அந்த முதலை. பல்லு தேய்க்கிற முதலை. அன்னைக்கு மேகமே இல்ல."

பட்டாணி கண்ணை இடுக்கினான். தலையணையில் இருந்த தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்தான்.

"அது புளுகு இல்லையே. அதோ, வாய கொப்புளிக்குது பாரு."

கொக்கும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஆமாம், கொப்புளித்துக்கொண்டுதான் இருந்தது.